உட்கார ஓர் அனுமதி

2019 நவம்பர் 12, காலை பத்தேகால், விடாத தூறல். மனைவி இறந்து நாற்பது நாளாகியும், மருத்துவமனையில் அவள் கிடந்த வார்டுக்கு வெளியே உள்ள பெஞ்சில் தெய்வசிகாமணி தினமும் வந்தமர்ந்தார். அன்று காவலர் தடுத்ததால் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தை மட்டும் அவர் நிரப்பவில்லை.

"பிரார்த்தனைன்னு எழுதுங்க சார், உடனே கிடைச்சிரும்," என்றார் எழுத்தர் ஜெசிந்தா.

"தெய்வம் என் பேர்ல மட்டும்தாம்மா இருக்கு."

"அப்ப சேவைன்னு போடுங்க."

"யாருக்கும்மா? சும்மா உக்காரத்தான் வர்றேன். வீட்ல உக்கார முடியல."

ஜெசிந்தா அந்தத் தாளை அப்படியே உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் கழித்துக் கண்காணிப்பாளரின் கையொப்பத்தோடு திரும்பியவர், தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்காமல் ஆணையை நீட்டினார்: 'நோக்கம் ஏதுமின்றி, நாள்தோறும் ஒரு மணிநேரம் அமர்ந்திருக்க அனுமதிக்கப்படுகிறது.'