சினை நண்டு

எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கெங்கம்மா நிற்கிறாள். வெள்ளைக்காரன் போன மறுவருஷம் கட்டிய தொழிற்சாலையின் குழாயிலிருந்து இறங்கும் நீர் வெயிலில் மஞ்சளாக மினுங்குகிறது. அதில் மடவை மீன்கள் வயிறு வெளுத்துச் செத்து மிதக்கின்றன. காலையிலிருந்து சேற்றைத் துழாவியவள் கையில் ஒரே ஓர் உயிர் அகப்பட்டிருக்கிறது. அடிவயிறு கொள்ளாமல் முட்டை பிதுங்க, ஒரு நண்டு. கால்களை மெல்ல அசைக்கிறது. கரையில் வெறுங்கூடையோடு நிற்கும் புருஷன் அப்பாவு குரல் கொடுக்கிறான்: "புள்ளத்தாச்சி நண்டும்மே. பாவம், தண்ணில உட்டுடு." எத்தனை பசியிலும் சினை நண்டை இவர்கள் தின்பதில்லை, விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கெங்கம்மா குனிகிறாள். நீரின் நெடி மூக்கில் எரிகிறது. நண்டை இரு கைகளிலும் ஏந்தியபடியே நிமிர்கிறாள். "எந்தத் தண்ணிலய்யா உடச் சொல்றே?"