துரைக்கு ஒரு புகையிலை

"நறுக்கற வேலை, காயவைக்கிற வேலை எதுவும் இருக்கக் கூடாது. அப்படியே குழாயில திணிச்சுப் பத்தவைக்கணும். நல்ல காரமா குடு," என்று பழவேற்காட்டுப் புகையிலைக் கடையில் கேட்டான் கோதண்டம்.

"யாருக்குடா?" என்றான் கூட வந்த வரதன்.

"நம்ம ஒல்லாந்து துரைக்கு."

வரதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டச்சுக்காரர்களின் கோட்டைக்குக் கல் சுமக்கும் அவர்களுக்கு, துரையின் குழாயில் புகையிலை தீரும்வரைதான் ஓய்வு. அது துரையே போட்ட சட்டம்.

"அவன் நறுக்கி, கசக்கி, ஊதி முடிக்கிறதுக்குள்ள நாம ஒரு தூக்கம் போடறோம். அதுலயும் மண்ண அள்ளிப் போடறியே! துரைய காக்கா புடிக்கிறியா?"

கோதண்டம் காசைக் கொடுத்துப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டான்.

மறுநாள் உச்சிவெயிலில், நறுக்கும் வேலை மிச்சம் என்ற குஷியில், கோதண்டம் கொடுத்த புகையிலையைத் துரை குழாய் கொள்ளுமட்டும் திணித்துப் பற்றவைத்தார். இரண்டே இழுப்பு. கண் செருகி, மணலில் மல்லாந்து குறட்டை விட்டார்.

வரதன் பதறி எழுந்தான். "இன்னாடா இது? கல்லத் தூக்கலாமா?"

"குந்துடா," என்றான் கோதண்டம், துண்டை முகத்தில் போட்டுப் படுத்தபடி. "குழாயில இன்னும் முக்கால்வாசி அப்படியே கீது."