மாமன் வாங்கிய தட்டு

"கல்யாணச் சாமானா தம்பி?" என்று பாத்திரக்கடை அண்ணாச்சி கேட்டார். பாண்டிமுருகன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் தட்டைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

பக்கத்தில் நின்ற அருணாதேவி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அவளுக்குத் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. வயது முப்பதைத் தொட்டும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே, அவர்கள் ஊர் மல்லாங்கிணற்றில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவனைக் காட்டி அவளைக் கேலி பேசியாகிவிட்டது.

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அதே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டும் வந்தது. கொஞ்ச நாள் மார்க்கைப் பற்றிப் பேசிய சொந்தக்காரர்கள், பிறகு வயதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். மதுரையில் ஒரு கல்லூரிக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அப்பா முனியசாமியிடம் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்பதோடு சரி.

முந்தாநாள் சாயங்காலம் அப்பாவும் மாமாவும் மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். என்ன பேச்சு என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. இன்று காலையில் அம்மா தலை பின்னிப் பூ வைத்துவிட்டு, மாமாவோடு விருதுநகருக்குப் போய் வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொண்டு வா என்றாள்.

எதற்கு என்று அருணா கேட்டாள்.

"ஒம் மாமன் வாயத் தெறக்கக் கூடாதுன்னிருக்கான். போனாத் தெரியும்" என்ற அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. மாமா ஒன்றும் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அவளை ஒருநாளும் அதட்டியது கிடையாது. அதுதான் பெரிய வம்பாகப் போய்விட்டது. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம்கூட வைக்காத மாப்பிள்ளையிடமிருந்து ஒரு பெண் எப்படித் தப்பிப்பாள்?

கூடப் படித்த ஓவியா காலேஜில் சேர்ந்ததற்கு அவள் அண்ணன் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தான். நேற்றுதான் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். நமக்கு வாய்த்தது தட்டும் டம்ளரும் என்று அருணா நினைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி அண்டா, குடம், குத்துவிளக்கு என்று அடுக்கிக்கொண்டே போனார். பாண்டிமுருகன் அதெல்லாம் இப்போது வேண்டாம் என்று தள்ளிவிட்டான். கனமான தட்டாக ஒன்று எடுத்தான். டம்ளர் ஒன்று, கிண்ணம் ஒன்று, வாளி ஒன்று. எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாடினான். ஆறு தட்டாக எடுத்தால் சல்லிசாகப் போட்டுத் தருகிறேன் என்று அண்ணாச்சி ஆசை காட்டினார். அவன் மசியவில்லை, ஒன்று போதும் என்றான்.

கருமித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? கல்யாணம் பண்ணிக் குடித்தனம் வைக்கப் போகிறவன் ஒரே ஒரு தட்டா வாங்குவான்? இவன் சாப்பிட்டு முடித்த பிறகு அதையே கழுவி நாம் சாப்பிட வேண்டியதுதான் என்று அவள் மனசுக்குள் பொருமினாள்.

பாண்டிமுருகன் தட்டை அவள் பக்கம் நீட்டினான். அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"பிடிச்சிருக்கா தாயி? எம் முறைக்கு நான் வாங்கிக் குடுக்கேன். நாளப்பின்ன கொற சொல்லக் கூடாது."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது, தட்டைக் கொண்டுபோய் வாசலோரம் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்தான்.

பேர் வெட்டிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அருணா மாமாவின் பின்னாலேயே வாசல் பக்கம் போனாள்.

பேர் வெட்டுகிறவர் மிஷினைத் தட்டிவிட்டு, என்ன பேர் என்று கேட்டார். அருணாதேவி என்றான் பாண்டிமுருகன்.

"இனிஷியல்?"

அப்பா பேரின் எழுத்தைச் சொல்வானா, தன் பேரின் எழுத்தைச் சொல்வானா? அவன் வாயெடுப்பதற்குள் அவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, பாய்ந்துபோய் இரண்டு கையாலும் தட்டை மறைத்துக்கொண்டாள்.

"இந்தச் சாமானெல்லாம் எனக்கு வேண்டாம் மாமா. நான் மதுரைக்குப் போயிப் படிக்கணும்."

குரல் உடைந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டிமுருகன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவள் முகத்தையும் அவள் தலையில் இருந்த பூவையும் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு அவனுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. பேர் வெட்டுகிறவர் பக்கம் திரும்பினான்.

"அவுக அப்பா எழுத்து 'மு' போட்டுக்கோங்கண்ணே. பேருக்குப் பின்னால ஹாஸ்டல் ரூம் நம்பருக்குக் கொஞ்சம் எடம் விட்டு வெட்டுங்க."