நாலாம் நம்பர் நெஞ்சு

“நாலாம் நம்பர், நீ செத்துக்கிட்டு இருக்க!”

நலன்புரி அதிகாரி இந்திரஜித், யாருக்கோ பதவி உயர்வு அறிவிக்கும் கம்பீரத்தோடு இதைச் சொன்னார். லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், காலை வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற கொழுந்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாம் நம்பரான அங்கம்மா வெற்றிலையை இடக் கன்னத்துக்கு மாற்றினாள்.

“யாரு, நானுங்களா?”

“சும்மா உக்காந்திருக்கிறப்ப ஒன் நெஞ்சு நிமிசத்துக்கு நாப்பத்தொம்பது தடவதான் அடிக்குது. மனுசனுக்கு அறுபது தடவயாவது அடிக்கணும். அணையப் போற வெளக்கு! இன்னைக்கே பேர வெட்டுறேன்.”

பண்டாரவளையில் அரை நாள் கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்ததிலிருந்து இந்திரஜித் பாதி டாக்டர். போன வாரம் பதினாறு பெண்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கைப்பட்டியைக் கட்டிவிட்டு, தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி படம் பிடித்து முகநூலில் போட்டிருந்தார். பாரபட்சம் கூடாதாம்; அவர் பட்டியலில் பெயரே கிடையாது, நம்பர் மட்டும்தான்.

அங்கம்மா வீட்டில் தோட்ட வேலை அவள் ஒருத்திக்குத்தான். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

“வெட்டுங்க பாப்போம்,” என்றாள். “முப்பது வருசமா கூடையோட ஏறுறேன். ஒருநாளாவது மூச்சு வாங்கினேனான்னு அந்த மலையக் கேளுங்க. ஒங்க வளையலுக்கு என்னா தெரியும்?”

“இது விஞ்ஞானம்மா!”

“அப்ப அதப் படிச்சவங்களக் கூப்பிடுங்க.”

பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து நர்ஸ் ஜெயந்தினி வந்து அங்கம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“தலசுத்து, மயக்கம் ஏதும் வருதா அக்கா?”

“இவரு பேசுறப்ப மட்டும் வருது.”

பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். ஜெயந்தினி சிரிப்பை விழுங்கிக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள்.

“இது நோயில்ல சேர். மலையேறிப் பழகின நெஞ்சு ஒவ்வொரு அடிக்கும் நெறைய ரத்தத்தத் தள்ளும். அதனால கொறைய அடிச்சாலே போதும். ஓட்டக்காரங்களுக்கும் இப்பிடித்தான். சும்மா இருக்கையிலேயே வேகமா அடிச்சாத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்.”

இந்திரஜித் அசரவில்லை. சொன்னதைத் தலைகீழாக்கிவிட்டு முன்பே சொன்னதுபோல நிற்பது எல்லா அதிகாரிகளுக்கும் கைவந்த கலை.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்!” அவர் விரல் பட்டியலின் அடிக்கு இறங்கியது. “இந்தா, பதினேழாம் நம்பர். தொண்ணூத்தேழு! ஒடம்பு வளையாத சோம்பேறி நெஞ்சு. இத வச்சுச் சம்பளம் குடுக்கிறது தோட்டத்துக்கே கேவலம்.”

“ஒரு நம்பர மட்டும் வச்சு முடிவெடுக்க ஏலாது சேர்...”

“யாரா இருந்தாலும் தயவு கெடையாது!”

பதினேழாம் நம்பர் வேலைக்குத் தகுதியில்லை என்று அங்கேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பேர் பதிந்துகொண்டிருந்த கிளாக்கரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பதினேழு, முன்னால வா!”

ஒருத்தியும் அசையவில்லை. அங்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

“நாங்க பதினாறு பேருதானுங்க ஐயா. பதினேழு ஒங்க கையில கெடக்கு.”