சுவருக்கு அந்தப் பக்கம்

"ஒண்ணு அந்தப் பொம்பளை இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்க."

முற்றத்தில் உட்கார்ந்து மண்டாசிப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி கிடாவா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஷுரா அப்படி என்னண்ணே பண்ணிட்டா? சத்தமா சிரிக்கக்கூட மாட்டாளே."

"சாயங்காலம் ஆனா அவ ரூம்ல ஒரு ஆம்பளைக் குரல். அவன் கேக்குறான், இவ பதில் சொல்றா. அதுவும் ஜப்பான் பாஷையில."

"அட, அது போன்ல வர்ற பாடம்ண்ணே. ஜப்பான்லேர்ந்து துறைமுகத்துல வந்து இறங்குற பழைய காரையெல்லாம் கழுவுறா பாவம். சாவியைத் திருப்புனா கார் அந்த பாஷையிலதான் பேசுதாம். பாஷை வந்துட்டா ஆபீஸ்ல நாற்காலி போட்டுத் தர்றேன்னு முதலாளி சொல்லியிருக்கானாம்."

"அதுக்கு என் காதுதான் கிடைச்சுதா? ஒரு சுவராவது கூரை வரைக்கும் எட்டுதா உன் வீட்ல? அவ அந்தப் பக்கம் தும்முனா நான் இந்தப் பக்கம் மூக்கைத் துடைச்சுக்க வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் ரூமுக்குள் போய்விட்டார், அஷுராவுக்கு அடுத்த ரூமில் குடியிருக்கும் மஷாகா.

அவருக்குக் கிகம்போனி படகுத்துறையில் டிக்கெட் பார்க்கும் வேலை. தார் எஸ் சலாம் சனம் பாதி அவரைத் தாண்டித்தான் போகும். டிக்கெட்டை நீட்டும், முகத்தைப் பார்க்காது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. பேச ஆளில்லாதவருக்கு எரிந்து விழ மட்டும் யாராவது கிடைத்துவிடுகிறார்கள்.

மறுநாளே அஷுரா ஒரு ஹெட்போன் வாங்கிவிட்டாள். குழாயடியில் பார்த்தபோது, "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாள்.

"ம்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

பின்னாலேயே வந்தாள் கிடாவா. "டெமேகே பக்கம் வேற ரூம் பாக்குறாளாம். மாசக் கடைசியில காலி பண்ணுவாபோல. உங்களுக்கு நிம்மதிதானே?"

"ரொம்ப நிம்மதி."

அன்று சாயங்காலம் ஆம்பளைக் குரல் வரவில்லை. அஷுராவின் பதில்கள் மட்டும் சுவரைத் தாண்டி வந்தன.

"ஆமாம்" என்றாள் ஜப்பானிய மொழியில். பிறகு மௌனம். "இல்லை, கொஞ்சம்தான் தெரியும்." மறுபடி மௌனம்.

அந்த மௌனம் மஷாகாவைப் போட்டுப் படுத்தியது. அங்கே என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மாதமாகக் கேட்கிறார். போன்காரன் முதலில் ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்வான், அப்புறம் ஜப்பானிய மொழியில் கேட்பான், கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சும்மா இருப்பான். கேள்வி கேட்டுவிட்டு இப்படிப் பொறுமையாக இருக்கும் மனுஷனை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

'உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியுமா?' என்று அவர் வாய் தானாக அந்தப் பாஷையிலேயே முணுமுணுத்தது.

"கொஞ்சம்தான் தெரியும்" என்றாள் அஷுரா.

மஷாகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தும் நாளாயிற்று.

அதன்பிறகு வேலை முடிந்தால் நேரே வீடுதான். டீயைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். முணுமுணுப்பு போகப் போக வாய்விட்டே வந்தது. காதில் மாட்டியிருப்பவளுக்கு எங்கே கேட்கப் போகிறது என்ற தைரியம்.

ஒருநாள் மட்டும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விளக்கு எரிந்தது, ஆனால் பேச்சு இல்லை. டீ ஆறிப்போனது. தாங்க முடியாமல் முதல் பாடத்துக் கேள்வியை அவரே கேட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது. "ஆமாம், இருக்கிறேன்."

அப்பாடா, இன்றைக்குப் பாடத்தைத் தாமதமாகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு இருமல் வந்தால் அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. ஏதோ ஞாபகத்தில் பாடத்தை மாற்றி, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டார் ஒருநாள். "வருவேன்" என்று பதில் வந்தது. இவளும் முன்னே பின்னே போட்டுத்தான் படிக்கிறாள்போல என்று தலையாட்டிக்கொண்டார்.

மாசக் கடைசி நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் மறுபடி அந்தச் சுவர் வெறும் சுவர். ரோஷத்தை ஒருவழியாக விழுங்கிக்கொண்டு கிடாவா முன்னால் போய் நின்றார்.

"இப்ப யாரைத் துரத்தணும்ண்ணே?"

"அதில்ல... அஷுராகிட்ட சொல்லு. ரூமெல்லாம் பாக்க வேணாம். எந்நேரமும் காதுல மாட்டியிருந்தா காது கெட்டுப்போகும். சத்தமாவே போட்டுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

"காதுல எதை மாட்டுறது? ஹெட்போன் வாங்குன கொஞ்ச நாள்லயே டலாடலா பஸ்ல எவனோ போனையே பிடுங்கிட்டு ஓடிட்டான். ரூம் பாக்குறதையும் அப்பவே விட்டுட்டா."

"போன் இல்லியா? அப்ப தினமும் பதில் சொல்றாளே?"

"நானும் கேட்டேன். வேற போன் வாங்கேன்டி, பாடம் நின்னு போச்சேன்னேன். 'எங்கக்கா நின்னுச்சு? நான் என்ன பதில் சொன்னாலும் போன்ல இருந்தவன் காதுல வாங்குனதே இல்ல. இப்பதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்து கேக்குறாரே'ங்குறா."