ஏரிக்கரை ஒசாகா

"ஐயோ, மறுபடியும் ‘ஜோல்’தானா? அது பெங்காலி, குருபிரசாத்! ஜப்பான்காரங்க தண்ணியை மிஸுன்னு சொல்லுவாங்க!"

"ஸாரி... மிஸு, மிஸு..." ஏரியைப் பார்த்து முணுமுணுத்தான் அவன்.

சாதனா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜப்பானிய இலக்கணப் புத்தகத்தை அவள் கரைத்துக் குடித்தாயிற்று. இனி பேசிப் பழகுவதுதான் பாக்கி. ஆனால் நன்றாகப் பேசுகிறவர் எதிரே நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கொல்கத்தா நியூ டவுன் ஆபீஸ் கேன்டீனில், ஒரு நிபந்தனையும் போட்டு, பேச்சுத் துணை தேடி நோட்டீஸ் ஒட்டினாள். வந்து சேர்ந்தது மூன்றாம் மாடி குருபிரசாத் ஒருவன்தான்.

மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் இதே பெஞ்ச். பனி இறங்கி, அடுக்குமாடி விளக்குகள் தண்ணீரில் மிதக்கும்போது எதிர்க்கரையே ஒசாகாவாகத் தெரியும். அவள் அதில் சொக்கிப்போயிருக்கும் நேரம் பார்த்து இவன் எதையாவது உளறுவான். திருத்தித் திருத்தி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. ஒசாகா கிளைக்கு ஒரே ஒரு இடம். அவளுக்கு அது நாலு வருஷக் கனவு.

"தப்பா நினைக்காதீங்க. உங்களோட பேசினா எனக்குத் தெரிஞ்சதும் மறந்துடும் போலிருக்கு. நாளையிலேர்ந்து நான் தனியாவே படிச்சுக்கறேன்."

அவன் முகம் சுளிக்கவில்லை. மண் குவளையில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு, "நல்லா பண்ணுங்க" என்று எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில், ஒசாகாவிலிருந்து வந்திருந்த மேனேஜர், "கொல்கத்தாவில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

சாதனா ஏரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பனி, விளக்கு, அப்புறம்... "ஜோல்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பழைய சாதனாவாக இருந்தால் அங்கேயே ஊமையாகியிருப்பாள். இவளோ சிரித்தபடி, "மன்னிக்கணும், மிஸு" என்று திருத்திக்கொண்டு மேலே பேசிக்கொண்டே போனாள். மேனேஜரும் சிரித்துவிட்டார்.

"இடம் உங்களுக்குத்தான். மற்ற விவரங்களை எங்கள் மொழிபெயர்ப்பாளர் விளக்குவார்."

கதவு திறந்தது. உள்ளே வந்தவன் குருபிரசாத்!

மேனேஜரிடம் அவன் மடமடவென்று ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆறு வருஷம் கியோட்டோவில் இருந்தவர்" என்றார் சாதனாவிடம்.

அன்று சாயங்காலம் அதே பெஞ்சில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கரை ஒசாகா பனியில் மங்கலாக மினுங்கியது.

"உங்களை எவ்வளவு மட்டமா பேசிட்டேன்! உங்களுக்கு எல்லாம் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

குருபிரசாத் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்:

"‘ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவர்கள் வர வேண்டாம், பயமாக இருக்கிறது’ன்னு நோட்டீஸ்ல நீங்கதானே எழுதியிருந்தீங்க!"