சோதனை ஆட்டம்

மேசை முழுக்க வெயில். அதன் நடுவே நூறு கட்டங்கள் வரைந்த ஓர் அட்டை. ஏழை ஊர்கள் எப்படி முன்னேறுகின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் விளையாட்டு இது. இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆடிப் பார்க்க ஆள் வேண்டும் என்று, அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் மடியிலிருக்கும் பையில் மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவம். இன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்கு மேல் வாங்க மாட்டார்கள். "ஒரே ஒரு ஆட்டம்க்கா, முடிச்சிட்டு ஓடிடுங்க" என்கிறார் விளையாட்டை வடிவமைத்தவர். ஆட்ட நேரத்தை அளக்க அவருடைய கைபேசியில் விநாடிகள் ஓடுகின்றன. அக்கா நாலைந்து தடவை பகடையை உருட்டுகிறார். ஈரம் காயாத விரலோடு, ஆட்டக்காயான நீலப் பொத்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'கிணறு வற்றியது, பத்துக் கட்டம் பின்னால் போ.' அதைப் படிக்காதவர் போல் பொத்தானை முன்னால் தள்ளுகிறார். "அக்கா, அழுகுணி ஆட்டமா?" சிரித்தபடியே வடிவமைத்தவர் அதைப் பின்னால் எடுத்து வைக்கிறார். "சார், மணி மூணரை ஆச்சு..." "இதோ, முடிஞ்சிடும்." பாலம் உடைகிறது, காய்ச்சல் வருகிறது, பேருந்து நின்றுபோகிறது. பொத்தான் ஏறி ஏறி இறங்குகிறது. கடைசியில் பகடையில் ஓர் ஆறு விழுகிறது. நூறாவது கட்டத்தில், கொடி பறக்கும் பள்ளிக்கூடம். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். "ஜெயிச்சிட்டீங்கக்கா! கிளம்புங்க, கிளம்புங்க." சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. அக்கா எழுந்திருக்கவில்லை. பையைக் காலடியில் இறக்கிவிட்டு, பொத்தானை எடுத்து முதல் கட்டத்தில் வைக்கிறார். "வேணும்னா இன்னொரு ஆட்டம் ஆடலாம் சார். இனிமே என்ன அவசரம்?"